வேண்டாம் என்பதற்கு ஒரு பத்தி

ஆழ்குழாய்க் கிணற்றின் சாவி
பதினோரு வருடமாக என் இடுப்பில்.
நாற்பத்தேழு பேரின் நெல்
அது குலுங்கும் ஓசைக்குத் தலை திருப்பும்.
அட்டையைச் செருகினால் மீட்டர் விழிக்கும்,
மணிக்கு இத்தனை டாக்கா என்று எண்ணத் தொடங்கும்.
செம்மண் மேட்டின் அடிவயிற்றிலிருந்து
தண்ணீர் இருமிக்கொண்டு வரும்.

இருமல் என்று சும்மா சொல்லவில்லை.
போன வருடமும் இரண்டு குழாய் கூட்டிப்
பம்பைக் கீழே இறக்கினோம்.
கோதாகாரிச் சாலையில் லாரி உறுமினால்
நீர் வருகிறதோ என்று
காது ஏமாறுகிற காலம்.

முறைக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்களைத் தெரியும்.
முறைக்காக என் வீட்டுக்கு
வாத்து முட்டை அனுப்பியவர்களைத் தெரியும்.
முறை வந்த அன்று
"இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்ன ஒரே ஆள்
மாய்னோ ஹான்ஸ்தா.

ஒன்றரை பிகா. அதுவும் குத்தகை.
வயல் மூலையில் துளை போட்ட பிளாஸ்டிக் குழாய்,
பாதி மண்ணுக்குள், பாதி வெளியே.
விவசாய ஆபீசில் எல்லோருக்கும்தான் கொடுத்தார்கள்.
ரொஷீத் மொண்டல் வீட்டில் அதில் துடைப்பம் நிற்கிறது.
இவள் மட்டும் காலையில் குச்சி விட்டுப் பார்ப்பாள்:
நான்கு விரல் கீழே. ஐந்து. ஆறு.
மேலே சேறு வெடிக்கத் தொடங்கியிருக்கும்.
"எட்டு விரல் இறங்கட்டும்,
வேர் போய்த் தேடிக்கொள்ளட்டும்" என்பாள்,
வேருக்கும் கால் உண்டு என்பதுபோல.

காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் பயிருக்கு,
எனக்கும் தெரியும்.
ஆனால் வெடிப்பைப் பார்த்துக்கொண்டு
கை கட்டி நிற்க ஒரு நெஞ்சு வேண்டும்.
அவள் கணவன் சுனிராமுக்கு அது இல்லை.
ஓர் இரவு குழாயைப் பிடுங்கி எறிந்தான்.
விடிந்ததும் கழுவி அதே குழியில் நட்டாள்.
பிறகொரு நாள் ஆழம் கூடவே இல்லையே என்று
குனிந்து பார்த்தால் உள்ளே ஒரு தவளை,
குச்சி முதுகில் முட்டிய கோபத்தோடு.

இப்படி ஆறு முறை வேண்டாம் என்றாள்.
ஆறையும் வேறு வயல்களுக்குத் திருப்பினேன்.
வாத்து முட்டை பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.
அவள் மிச்சம் பிடித்த தண்ணீர்
கிணற்றில் இருக்கிறதா என்று கேட்காதீர்கள்.
மொண்டலின் வரப்பைத் தாண்டி
சாலையில் வழிந்ததே, அதுதான்.

சொய்த்ர மாதக் கடைசி. கதிர் பூத்தது.
அப்போது மட்டும் நெல் பொறுக்காது.
வாடினால் கதிர் நிற்கும்,
உள்ளே பதர்.
இரவு பதினொன்றுக்குக் கதவைத் தட்டினாள்.
டிரான்ஸ்ஃபார்மர் வெந்து இரண்டு நாள் கழித்து
மின்சாரம் அப்போதுதான் வந்திருந்தது.
வரிசையில் பதினான்கு பேர்.
"நான் விட்ட ஆறில் ஒன்றைக் கொடு."

பேரேட்டைப் புரட்டினேன்.
பெயர், தேதி, மணி, டாக்கா.
வாங்கியதற்கெல்லாம் பத்தி இருக்கிறது.
வேண்டாம் என்றதை எழுத
யாரும் கோடு போடவில்லை.
அந்தப் புத்தகத்தின்படி
ஆறு நாளும் அவள்
இந்த ஊரிலேயே இல்லை.

மூன்றாவது ஆளுக்கும் நான்காவது ஆளுக்கும் நடுவே
இரண்டு மணி நேரம் திருப்பிவிட்டேன்.
டார்ச்சைக் குழாய்க்குள் பிடித்தேன்.
நீர் விரல் விரலாக ஏறியது.
தவளை முதலில் வெளியேறியது.
நான்காவது ஆள் தோபாஜ்ஜல்
அன்றிலிருந்து என் சலாமை வாங்குவதில்லை.

காலையில் பென்சிலால்
ஒரு கோடு இழுத்தேன், கடைசிப் பத்திக்கு அப்பால்.
தலைப்பு: வேண்டாம்.

இன்றைக்கு அதில் இரண்டாவது பெயர்.
தோபாஜ்ஜல்தான், மகனை அனுப்பி எழுதச் சொன்னான்,
பின்னால் ஒரு முறை கேட்கலாமே என்று.
அவன் வயலில் முழங்கால் தண்ணீர் நிற்கும்,
எனக்குத் தெரியாதா.
குச்சியை எடுத்துக்கொண்டு
ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும்.